ஐந்து நட்சத்திரம் பெற்ற போல்ட்

என் தங்கை எனக்குப் போன் செய்தால் இரண்டு காரணங்கள்தான் இருக்கும். ஒன்று கோயில் திருவிழா, மற்றது வீட்டில் ஏதோ பழுது. அன்று அவள் குரலில் இரண்டும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே நலம் விசாரித்தாள். அதனால் சந்தேகப்பட்டேன்.

“அண்ணே, உங்களுக்கு இந்த ஆர்மி போல்ட்டு நட்டு எல்லாம் நல்லாத் தெரியும்தானே?”

“எதுக்குக் கேக்குற?”

“தெரியுமா, தெரியாதா?”

தெரியும். கோலாலம்பூரில் ஒரு விமானப் பராமரிப்புப் பட்டறையின் உதிரிபாகக் கிடங்கில் தரப் பரிசோதகராக வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றவன் நான். ராணுவத் தரக் குறியீடு போட்ட போல்ட், நட், வாஷர் என்று எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் திறப்பவன் நான்தான். என் கையெழுத்து இல்லாமல் ஒரு வாஷர்கூட அலமாரிக்குப் போகாது. இதைக் கடமையுணர்வு என்று என் பிரிவுபசார விழாவில் சொன்னார்கள். விழாவுக்கு முந்தைய நாள்வரை வேறு சொல் வைத்திருந்தார்கள்.

தங்கைக்குக் கிள்ளானில், மேரு சாலைப் பக்கம், ஒரு சிறிய இயந்திரப் பட்டறை. அவள் கணவர் இயந்திரங்களை ஓட்டுகிறார். அவரையும் சேர்த்து மற்ற எல்லாவற்றையும் அவள் ஓட்டுகிறாள். கையுறைத் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்தே அந்தப் பட்டறை வளர்ந்தது. இப்போது சுபாங்கில் விமான வேலை செய்யும் ஒரு நிறுவனம், பலமுறை அலையவைத்த பிறகு, அவளைத் தன் சப்ளையர் பட்டியலில் சேர்த்து முதல் வேலையைக் கொடுத்திருந்தது. விமானத்திலிருந்து கழற்றிய ஒரு கதவுத் தகட்டைக் கீழே வைக்காமல் தாங்கி நிறுத்தும் சட்டம் ஒன்று செய்ய வேண்டும். சட்டத்தில் போகும் போல்ட்டும் வாஷரும் ராணுவத் தரமாக இருக்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. இரும்பை அறுப்பதற்கு முன்பே சட்டம் முழுவதையும் கணினியில் வரைந்து அனுப்ப வேண்டும், அதில் ஒவ்வொரு போல்ட்டும் அதனதன் சரியான உருவத்தோடும் எண்ணோடும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

“ஒண்ணு தப்பா இருந்தாலும் பேர லிஸ்ட்ல இருந்து எடுத்துருவாங்களாம் அண்ணே. காலம் பூரா கையுறை ஃபேக்டரிக்கே அடிச்சிட்டு இருக்கணுமா நாங்க? இத விட்டா மறுபடி கூப்பிட மாட்டாங்க லா.”

“போல்ட்டைத்தான் கடையில வாங்கப் போறீங்களே. அதை எதுக்கு வரையணும்?”

“வரைய வேணாம். இன்டர்நெட்ல ரெடியா கெடக்குதாம். கேட் மாடல்னு சொல்றாங்க, கம்ப்யூட்டர்ல வரைஞ்ச உருவம். எடுத்துக் குடுத்தாப் போதும். ஆனா எது நெசம், எது டூப்புன்னு பாக்க ஆள் வேணும். அதான்.”

ரெடியா கெடக்குது என்று யார் சொன்னாலும் எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும். பட்டியலை அனுப்பச் சொன்னேன்.

பட்டியல் வந்ததும் பழைய சிநேகிதர்களைப் பார்த்ததுபோல் இருந்தது. பெரும்பாலும் ஏ.என். என்று தொடங்கும் எண்கள். இந்த எண்களைப் படிப்பதில் ஒரு முறை உண்டு. எண்ணின் நடுவே வரும் கோட்டுக்குப் பின்னால் 7 என்று இருந்தால் போல்ட்டின் நீளம் ஓர் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு. 10 என்று இருந்தால் அது பத்து அல்ல, ஓர் அங்குலம். முதல் இலக்கம் அங்குலத்தைச் சொல்லும், அடுத்தது எட்டில் எத்தனை என்பதைச் சொல்லும். 12 என்றால் ஓர் அங்குலமும் எட்டில் இரண்டும், அதாவது ஒன்றேகால். 8, 9 என்ற எண்களே இந்த வரிசையில் கிடையாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் இதில் தடுக்கி விழுவதை நான் வருடந்தோறும் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். எனக்குத் தூக்கத்திலும் தப்பாது.

முதலில் தயாரிப்பாளர்களின் இணையப் பக்கங்களுக்குப் போனேன். ஒரு நட்டின் உருவத்தைத் தருவதற்கு என் பெயர், நிறுவனம், பதவி, தொலைபேசி எண், நாடு எல்லாம் கேட்டார்கள். கடைசியில் ஓர் உறுதிமொழி. இந்தக் கோப்பை ஏவுகணையோ அணு ஆயுதமோ செய்யப் பயன்படுத்த மாட்டேன் என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடியின் சமையலறை மேசையில் உட்கார்ந்து, பக்கத்தில் என் மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்க, ஏவுகணை செய்ய மாட்டேன் என்று பெட்டியில் டிக் போட்டேன். செய்பவன் செய்வேன் என்று டிக் போடுவானா என்று அவளிடம் கேட்டேன். “மொதல்ல லேப்டாப்ப நகத்துங்க, கீரை அது மேல விழுது” என்றாள்.

மறுநாள் காலை தெரியாத எண்ணிலிருந்து போன்.

“குட் மார்னிங் சார். நேத்து எங்க வெப்சைட்ல ஒரு நட்டு டவுன்லோட் பண்ணீங்க.”

“யார் சொன்னது?”

“சிஸ்டம் சொல்லுது சார்.”

“எந்த சிஸ்டம்?”

“எங்க சிஸ்டம்தான் லா. எத்தனை பீஸ் வேணும் சார்? மினிமம் ஆர்டர் இருக்கு.”

“ஒண்ணும் வேணாம்.”

“ஒண்ணும் வேணாம்னா எதுக்கு சார் டவுன்லோட் பண்ணீங்க?”

அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் கேட்டிருக்கும் கேள்வி அது. அதனாலேயே எனக்குச் சந்தேகம் முற்றியது. இந்த ஊரில் போலீஸ் என்றும் வங்கி என்றும் சொல்லிக்கொண்டு ஓய்வூதியக்காரர்களை அழைக்கும் கும்பல்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அவன் எந்தப் பிரிவு, மேலாளர் யார், அலுவலகம் எந்தத் தெருவில், மாடியா தரையா என்று வரிசையாகக் கேட்டேன். தரை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான். மோசடிக்காரன் ஒருநாளும் தானாகப் போனை வைக்க மாட்டான். அவன் உண்மையான விற்பனையாளனாகவே இருந்திருக்கலாம் என்பது மதியம் சாப்பிடும்போதுதான் உறைத்தது.

தயாரிப்பாளர் பக்கங்களில் கிடைக்காதவற்றுக்கு இலவசக் களஞ்சியங்கள் இருக்கின்றன. உலகில் யார் வேண்டுமானாலும் தான் வரைந்ததை அங்கே போட்டு வைக்கலாம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர்கள் நட்சத்திரம் போடலாம், இரண்டு வரி எழுதலாம். சந்தையில் காய்கறியைத் தொட்டுப் பார்க்கவாவது விடுவார்கள். இங்கே அதுவும் இல்லை. ஒருவர் மில்லிமீட்டரில் வரைந்து அங்குலம் என்று பெயர் வைத்திருந்தார். இன்னொருவரின் போல்ட்டில் தலை சரியாக இருந்தது, தண்டு வேறு அளவைச் சேர்ந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு வேறு ஒருவரின் வேட்டியைக் கட்டிவிட்டதுபோல. நான் ஒவ்வொன்றையும் திறந்து அளந்து என் பழைய தர ஏடுகளோடு ஒப்பிட்டுக் கழித்துக்கொண்டே வந்தேன். கழிப்பது சுகமான வேலை. ஓய்வு பெற்ற பிறகு அதுதான் எனக்கு இல்லாமல் போயிருந்தது.

பட்டியலின் கடைசியில் என்.ஏ.எஸ். என்று தொடங்கும் ஒரு போல்ட் இருந்தது. நான் அதிகம் கையாளாத வேறொரு குடும்பம். எங்கள் பட்டறையின் பழைய விமானங்களுக்கு அது வந்ததே குறைவு. கோட்டுக்குப் பின்னால் 12. தயாரிப்பாளர் தந்த மாடலை அளந்தேன். நீளம் ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறைவாக இருந்தது. பெரிய நிறுவனம், பளபளக்கும் பக்கம், ஏவுகணைக்கு உறுதிமொழி வேறு. ஆனால் ஒரு போல்ட்டின் நீளம் சரியில்லை. உள்ளூர மகிழ்ச்சியோடு அதைக் கழித்தேன். பிறகு இலவசக் களஞ்சியத்தில் தேடி, முகம் தெரியாத யாரோ ஒருவர் போட்டிருந்த அதே எண்ணைத் திறந்தேன். ஒன்றேகால் அங்குலம், மயிரிழை பிசகவில்லை. அத்தனை குப்பைக்கு நடுவில் வேலை தெரிந்த ஒரே ஒரு மனிதர். மனம் நெகிழ்ந்து ஒரு காரியம் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

கோப்புகளை எடுத்துக்கொண்டு கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போனேன். முதலில் சிலவற்றைத் தங்கைக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன், இவற்றையும் அப்படியே அனுப்பியிருக்கலாம். ஆனால் வாங்குபவரின் முகத்தை ஒரு முறையாவது பார்க்காமல் எதையும் முழுதாக ஒப்படைப்பது எனக்குப் பழக்கமில்லை.

சட்டத்தைக் கணினியில் வரைவதற்குத் தங்கை ஒரு பெண்ணைப் பிடித்திருந்தாள். செலாயாங்கிலிருந்து வருகிறவள், முப்பது வயது இருக்கும். முன்பு ஏதோ வடிவமைப்பு அலுவலகத்தில் இருந்து, இப்போது தனியாக வேலை எடுத்துச் செய்கிறாள். பட்டறையின் ஒரு மூலையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், இரண்டு மடிக்கணினியும் ஒரு பெரிய தண்ணீர்க் குடுவையுமாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் தந்தாள். மரியாதையான பெண். அதையும் குறித்துக்கொண்டேன்.

“பழைய கம்பெனியில இருந்து மாடல் ஏதும் கொண்டுவந்திருக்கியாம்மா?” என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

“ஐயோ, இல்ல அங்கிள். அது அவங்க சொத்து. தொட்டா கேஸ் போட்டுருவாங்க.”

“அப்ப இந்த போல்ட் எல்லாம் இவ்வளவு சீக்கிரம் எப்படி உள்ள வந்துச்சு?”

“நீங்க போன வாரம் அனுப்புனதுதான் அங்கிள் இது. உங்க பேர்லதான் ஃபோல்டர் இருக்கு.”

திரையில் உண்மையிலேயே என் பெயர் இருந்தது. தங்கைக்கு நான் முதலில் அனுப்பிய சிலவற்றை அவள் அப்படியே எடுத்துச் சட்டத்தில் பொருத்தியிருந்தாள்.

“அளந்து பாத்தியா?”

“அங்கிள் செக் பண்ணிட்டீங்கல்ல? அப்புறம் என்ன.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் என் தொழிலில் எல்லா விபத்துகளும் இந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்கும். நான் பார்த்தேன் என்று இவள் பார்க்க மாட்டாள், இவள் பார்த்தாள் என்று நான் பார்க்க மாட்டேன், கடைசியில் யாருமே பார்த்திருக்க மாட்டோம். ஒரு கேள்வியும் கேட்காத பெண். கொடுத்ததை வாங்கிக்கொள்கிற பெண். தங்கையின் பட்டறை இவளை நம்பி இருக்கிறது. ரயிலில் திரும்பும்போது இதையே நினைத்துக்கொண்டு வந்ததில் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நடக்க இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பரிசோதகர் விழிப்பாக இருக்கிறாரா என்று பார்க்க, அவர் தட்டில் வேண்டுமென்றே ஒரு தப்பான சாமானைக் கலந்து வைப்போம். கண்டுபிடித்தால் ஆள் தேறினார். கண்டுபிடிக்காவிட்டால் மாலையில் நாங்களே எடுத்துக் காட்டுவோம், அவர் முகம் சிவக்கும், அடுத்த ஆறு மாதம் எல்லாவற்றையும் இரண்டு முறை அளப்பார். இதற்கு ஒரே ஒரு நிபந்தனை. வைப்பவர் தவிர மூன்றாம் ஆள் ஒருவருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வைத்தவர் மாலையில் மறந்துபோனாலோ, மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்தாலோ, அந்தத் தப்புச் சாமான் விமானத்துக்குப் போய்விடக் கூடாதல்லவா.

இன்னும் ஒப்படைக்காமல் வைத்திருந்த கடைசித் தொகுப்பில் ஒரு வாஷர் இருந்தது. அதிலேயே பாதித் தடிமனில் மெலிந்த வகை ஒன்றும் உண்டு. விட்டம் ஒன்றே, பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். எனக்கு வரையத் தெரியாது, ஆனால் பெயரை மாற்றத் தெரியும். மெலிந்ததை எடுத்து, தடித்ததன் எண்ணை அதற்குச் சூட்டி, மற்றவற்றோடு சேர்த்து அனுப்பினேன். மூன்றாம் ஆளாக வீட்டில் இருந்தது என் மனைவி மட்டும்தான். அவளிடம் சொன்னால் கீரை கொதிப்பதற்குள் என் தங்கைக்குத் தெரிந்துவிடும். அதனால் சொல்லவில்லை. படம் அனுப்ப வேண்டிய கெடு வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை நானே கிள்ளான் போய், எல்லோர் முன்னிலையிலும் வாஷரைச் சுட்டிக்காட்டுவதாகத் திட்டம்.

அந்தப் பெண்ணிடமிருந்து அன்றே பதில் வந்தது. “ஓகே அங்கிள், தேங்க்ஸ்.” கூடவே ஒரு கட்டைவிரல்.

பிடித்துவிட்டேன். அவள் அளக்கவில்லை. சந்தேகப்பட்டது சரியாகிவிட்டால் மனிதனுக்கு ஒரு தெம்பு வந்துவிடுகிறது. அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஆனால் மறுநாள் தங்கையின் போன் விசித்திரமாக இருந்தது.

“அண்ணே, கண்ணாடி எப்ப மாத்துனீங்க?”

“ஏன்?”

“சும்மாதான். ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா? மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடுறீங்கல்ல?”

“நீ எதுக்கு இதெல்லாம் கேக்குற?”

“தங்கச்சி கேக்கக் கூடாதா?” என்று சொல்லிப் பேச்சை மாற்றி, அண்ணியிடம் கொடுக்கச் சொன்னாள். அண்ணியோடு வெகுநேரம் தணிந்த குரலில் பேசினாள். நான் யோசித்தேன். அவள் கோயில் கமிட்டியில் இருக்கிறாள். ஏதோ இலவசக் கண் பரிசோதனை முகாம் வைத்து ஆள் சேராமல் தவிக்கிறார்கள் போலிருக்கிறது. தலைக்கணக்குக் காட்ட என்னைப் பிடிக்கப் பார்க்கிறாள். பிடிபடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை ரயிலில் ஏறினேன். வேலை நாளில் அந்த நேரத்துக்கு அவ்வளவு பிள்ளைகளும் பலூன்களும் இருந்தது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தை ஏமாற்றிவிட்டுக் கூட்டிப் போகிறார்கள் என்று அந்தப் பெற்றோர்களைப் பார்த்து முகம் சுளித்தேன். கிள்ளானில் இறங்கி வாடகைக் கார் பிடித்துப் பட்டறைக்குப் போனால், இரும்புக் கதவு கீழே இறங்கிப் பூட்டியிருந்தது. அந்த வரிசையில் எல்லாக் கதவுகளும் அப்படியே. விளக்குக் கம்பத்தில் சிவப்பும் மஞ்சளுமாகச் சிலாங்கூர் கொடி ஆடிக்கொண்டிருந்தது. போன் செய்தேன்.

“அண்ணே, இன்னிக்கு லீவு லா. சுல்தான் பொறந்தநாள். உங்க கே.எல்லுக்குத்தான் கெடையாது.”

வாழ்நாள் முழுவதும் கோலாலம்பூரில் வேலை பார்த்தவனுக்குச் சிலாங்கூரின் விடுமுறை எங்கே நினைவிருக்கும். ஓய்வு பெற்றவனுக்கு எந்த விடுமுறைதான் நினைவிருக்கும்.

“சரி, நாளைக்குத்தானே படம் அனுப்பணும்? அதுக்கு முன்னால நான் ஒண்ணு...”

“நேத்தே அனுப்பியாச்சு அண்ணே. சுபாங் ஆளுங்களும் நாளைக்கு லீவு போட்டுட்டு நாலு நாள் சேத்து எடுக்கப் போறாங்களாம். புதன்கிழமையே குடுத்துருங்கன்னாங்க.”

பூட்டிய கதவில் கையை ஊன்றிக்கொண்டேன். சூடாக இருந்தது, எடுத்துவிட்டேன். தப்பான வாஷர் சுபாங்குக்குப் போய்விட்டது. அந்த நிறுவனத்தின் பொறியாளர் திங்கட்கிழமை காலையில் என் தங்கையின் படத்தைத் திறந்து, தடிமனை அளந்து, அவள் பெயரின் மேல் கோடு போடப் போகிறார். அவள் சந்தேகப்பட வேண்டிய ஆளையே நம்பியிருக்கிறாள், அதாவது என்னை. மூன்றாம் ஆளுக்குச் சொல்லியிருந்தால் ஒரே ஒரு போனில் தீர்ந்திருக்கும். எல்லா விதியும் தெரிந்தவன் நான், இருப்பதிலேயே சின்ன விதியைத்தான் விட்டிருந்தேன்.

“நீ எங்க இருக்க?”

“இங்கதான், கிள்ளான் லிட்டில் இந்தியாவுல, வாழையிலைக் கடையில. அந்தப் பொண்ணுக்குச் சாப்பாடு வாங்கிக் குடுக்கக் கூட்டிட்டு வந்தோம். நீங்களும் வாங்க. ஏன் மூச்சு வாங்குது உங்களுக்கு?”

கடையில் விடுமுறைக் கூட்டம். தங்கை, அவள் கணவர், அந்தப் பெண் மூவரும் ஒரு மேசையில் இருந்தார்கள். எனக்கும் இலை போட்டாயிற்று. சோறு விழுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

“அந்த ஃபைல உடனே திருப்பி வாங்கணும். அதுல வாஷர் தப்பு.”

தங்கை அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் அப்பளத்தைப் பார்த்தாள்.

“தெரியும் அண்ணே” என்றாள் தங்கை, மிக மெதுவாக. “அன்னிக்கே பாத்துட்டோம். சரி பண்ணித்தான் அனுப்புனோம். நீங்க சாப்பிடுங்க.”

முதலில் உயிர் வந்தது. அடுத்ததாகக் கோபம் வந்தது.

“அன்னிக்கேவா? அப்ப எதுக்கு எனக்கு ஓகே, தேங்க்ஸ்னு போட்ட?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

“நான்தான் உங்ககிட்ட சொல்ல வேணாம்னேன்” என்றாள் தங்கை. “மனசு கஷ்டப்படுவீங்க. வயசாகுதுல்ல அண்ணே. இவரோட அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது.”

“எங்கப்பா வீட்டுச் சாவிய ஃபிரிட்ஜுல வெச்சாரு மச்சான்” என்றார் அவள் கணவர் ஆறுதலாக. “முட்டை வெக்கிற குழியில. கச்சிதமா இருந்துச்சு.”

கண்ணாடி, தூக்கம், மாத்திரை, தணிந்த குரல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் இலையைச் சுற்றி உட்கார்ந்தன. கண் முகாம் எதுவும் இல்லை.

நான் விளக்கினேன். கிடங்கின் வழக்கம், தப்புச் சாமானைக் கலந்து வைப்பது, விழிப்பைச் சோதிப்பது, இன்று வந்து சொல்வதாக இருந்தது, சுல்தான் பிறந்தநாள். மூவரும் தலையாட்டிக் கேட்டார்கள். அந்தத் தலையாட்டலை நான் அறிவேன். வீட்டுக்கு வரும் தூரத்து உறவினர், தன்னை ஒருகாலத்தில் மந்திரி கைகுலுக்கியதாகச் சொல்லும்போது நாங்கள் ஆட்டுவது. நான் சொல்லச் சொல்ல என் காதுக்கே அது, சாவி குளிர்ந்திருந்தால் நல்லது என்று வைத்தேன் என்பதுபோல் இருந்தது.

“அக்கா, அப்படியும் இருக்கலாம்” என்றாள் அந்தப் பெண். பிறகு என்னைப் பார்த்து, “அங்கிள், அன்னிக்கு நீங்க அளந்து பாத்தியான்னு ஒரு மாதிரி கேட்டீங்க. அதுல இருந்து நான் எல்லாத்தையும் மறுபடி அளக்க ஆரம்பிச்சேன். ஆனா நாங்க கண்டுபுடிச்சது ரெண்டு.”

“ரெண்டா?”

“வாஷர் ஒண்ணு. கடைசி போல்ட்டு ஒண்ணு. அந்த என்.ஏ.எஸ். போல்ட்டு, பன்னெண்டாம் நம்பர். உள்ள போட்டதும் பக்கத்துப் பிராக்கெட்ல போய் முட்டுச்சு. ரொம்ப நீளம்.”

“ஒன்றேகால் அங்குலம். பன்னெண்டுன்னா ஒன்றேகால்தானே?”

“அது ஏ.என்.க்கு அங்கிள். இந்தக் குடும்பத்துல அந்த நம்பர் மொத்த நீளத்தச் சொல்லாது. மரை இல்லாத தண்டு எவ்வளவுன்னுதான் சொல்லும். அதுவும் பதினாறுல எத்தனைன்னு. பதினாறுல பன்னெண்டு, முக்கால் அங்குலம். கம்பெனி மாடல்ல சரியா இருந்துச்சே.”

தயாரிப்பாளரின் மாடலில் சரியாகத்தான் இருந்தது. அதைத்தான் நான் மகிழ்ச்சியோடு கழித்திருந்தேன். புதியவர்கள் தடுக்கி விழும் இடத்தில் நான் விழவில்லை. பழையவர்கள் மட்டுமே விழக்கூடிய இடத்தில் விழுந்திருந்தேன். களஞ்சியத்தில் அந்த மாடலைப் போட்ட முகம் தெரியாத மனிதரும் என் வயதுக்காரராகத்தான் இருக்க வேண்டும். அவரும் பன்னிரண்டை என்னைப் போலவே படித்திருக்கிறார். அத்தனை பேரையும் சந்தேகப்பட்டுவிட்டு, என்னுடைய தப்பையே செய்த ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து நம்பியிருக்கிறேன்.

பரிமாறுகிறவர் வந்து ரசத்தோடு நின்றார். யாரும் கவனிக்கவில்லை. போய்விட்டார்.

“ரெண்டுமே நீங்க வெச்சதுதானே அங்கிள்?” என்று அந்தப் பெண் கேட்டாள். குரலில் ஒன்றும் இல்லை. “எங்களை டெஸ்ட் பண்ண?”

தங்கை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த ஆசையை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அண்ணனுக்கு ஒன்றுமில்லை, அண்ணன் இன்னும் பழைய வில்லங்கம்தான் என்று அவள் நிம்மதியாகச் சாப்பிடுவாள். கதவு அகலமாகத் திறந்திருந்தது. ஆனால் இத்தனை அகலமாகத் திறந்திருக்கும் கதவை நான் வாழ்நாளில் நம்பியதில்லை. அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தேன். இரக்கத்தில் கேட்கிறாளா, அல்லது என் தட்டில் ஒரு தப்புச் சாமானை வைத்துவிட்டு, எடுக்கிறேனா விடுகிறேனா என்று பார்க்கிறாளா? தெரியவில்லை. எங்கள் கிடங்கிலேயே இவ்வளவு நேர்த்தியாக யாரும் வைத்ததில்லை.

“வாஷர் மட்டும்தான் நான் வெச்சது” என்றேன். “போல்ட்டு நான் நெசமாவே தப்பா எடுத்தது.”

 பிறகு அந்தப் பெண்தான் முதலில் தலையை அசைத்தாள். இந்த முறை வேறு மாதிரியான அசைப்பு. “அப்ப வாஷர் விஷயம் நெசம்தான் அக்கா” என்றாள் தங்கையிடம். “சமாளிக்கிறவங்க ரெண்டையும் சேத்துச் சொல்லியிருப்பாங்க.”

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே கையோடு என் முதுகில் ஓர் அடி வைத்தாள். “எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நாலு நாளா உங்களுக்கு எந்த டாக்டர்னு தேடிக்கிட்டு இருக்கேன். டெஸ்ட்டாம் டெஸ்ட்டு. என் பொழப்புதான் கெடச்சுதா உங்களுக்கு?”

நான் ரசத்தைக் கூப்பிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் மானம் பாதியாவது மிஞ்சியிருக்கும். அந்தப் பெண் கைபேசியை எடுத்தாள். “அந்தத் தப்பான போல்ட்டு எந்த சைட்ல அங்கிள் இருந்துச்சு? மத்தவங்க எடுத்துரக் கூடாது, ரிப்போர்ட் பண்ணிரலாம்.” சொன்னேன். சொல்லும்போதே அடுத்து என்ன வரப்போகிறது என்று புரிந்துவிட்டது, ஆனால் சொல்லி முடித்துவிட்டேன். அவள் தேடி எடுத்தாள், படித்தாள், உதட்டைக் கடித்தாள்.

“அங்கிள், இதுக்கு அஞ்சு ஸ்டார் ஒருத்தர் குடுத்திருக்காரு. கீழ எழுதியும் இருக்காரு. ‘டைமென்ஷன் மிகச் சரி. அபூர்வமான வேலை. ஓய்வு பெற்ற தரப் பரிசோதகர், மலேசியா.’”

மனம் நெகிழ்ந்து செய்த காரியம் அதுதான்.

“மச்சான்,” என்றார் தங்கையின் கணவர், “நல்ல வேளை, போட்டோ போடல.”

தங்கை சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பில் டாக்டர் இல்லை, மாத்திரை இல்லை. அதனால் நானும் பொறுத்துக்கொண்டேன்.

சுபாங்கிலிருந்து அடுத்த வாரம் பதில் வந்தது. படத்தை ஏற்றுக்கொண்டார்கள். சட்டத்தின் சக்கரத்துக்கு மட்டும் வேறு நிறம் கேட்டார்கள். பட்டியலில் தங்கையின் பெயர் இருக்கிறது. இப்போது இரண்டாவது வேலையும் வந்திருக்கிறது. இந்த முறை ஒழுங்காக ஒரு முறை வைத்துக்கொண்டோம். பாதி மாடல்களை நான் தேடி எடுக்கிறேன், அந்தப் பெண் அளக்கிறாள். மீதிப் பாதியை அவள் எடுக்கிறாள், நான் அளக்கிறேன். தப்புச் சாமான் வைக்கும் வழக்கத்தைத் தங்கை தடை செய்துவிட்டாள்.

அந்த ஐந்து நட்சத்திரத்தை நீக்கப் பார்த்தேன். நீக்க வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும், நிர்வாகிகள் பரிசீலிப்பார்கள் என்று வந்தது. காரணம் எழுதினேன். இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்கள். என்னைப் போன்ற யாரோ ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

நேற்று அந்தப் பெண்ணிடமிருந்து புதிய தொகுப்பு வந்தது. கீழே ஒரு வரி: “செக் பண்ணிட்டேன், எல்லாம் ஓகே அங்கிள்.” கூடவே ஒரு கட்டைவிரல். தடை இருக்கிறது, உண்மைதான். ஆனால் அன்று வாழையிலைக் கடையில் அவள் கேள்வி கேட்ட விதத்தை நான் மறக்கவில்லை. இதில் ஒன்றைத் தப்பாக வைத்திருக்கிறாள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. எல்லாவற்றையும் இரண்டு முறை அளந்துவிட்டேன், இதுவரை அகப்படவில்லை. மனைவியைக் கூப்பிட்டு, கீரையை ஓரமாக வைக்கச் சொல்லி, மூன்றாம் ஆளாக இருக்கட்டும் என்று விஷயத்தைச் சொல்லியிருக்கிறேன். மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன்.